துணைக்கு வந்தவர்

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள் மேசைக்குப் பின்னாலிருந்த நூபே.

வெர்னன் திரும்பிப் பார்த்தார். பின்னால் வாசல் காவலர் க்ளேவர் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்.

"யாரும் வரல. நான்தான் நோயாளி. நான் வந்திருக்கேன்."

"நோயாளி வந்தது தெரியுது ஐயா. கூட யாருன்னு கேட்டேன்."

காலை ஏழு மணி. குவெங்கா நகரத்தில் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் சேர்க்கை மேசை. வெர்னன் நீட்டிய சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பெயர், வயது எழுபது, பித்தப்பை அறுவை, வியாழன் மதியம். பத்து நாள் சட்டைப்பையில் கிடந்த சீட்டு இஸ்திரி போட்டதுபோல் மொடமொடப்பாகக்கூட இருந்தது. கூட வந்தவர் என்று காட்டுவதற்குத்தான் அவரிடம் ஆள் இல்லை.

வெர்னன் ஒஹாயோவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். மனைவி இறந்த பிறகு, ஒரு நாள் வயிற்று வலி என்று அங்கே ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இரவு படுத்தார். அந்தப் பில்லைக் கட்டத் தன் வண்டியை விற்றார். இன்னொரு வலி வந்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று பயந்து, வலிக்கு முன்னாலேயே வீட்டை விற்றுவிட்டு ஈக்வடாருக்கு வந்து சேர்ந்தார். நாலு வருஷமாக தார்ஹெலியா என்ற தையல்கார அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். வந்த பென்ஷனில் வாடகை, சந்தைச் சாப்பாடு, மருந்து எல்லாம் போக ஞாயிற்றுக்கிழமை கேக் சாப்பிடவும் மிஞ்சியது. இனி இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்பது அவர் முடிவு.

மகள் மார்சியின் முடிவு வேறு. "தனியா அங்க விழுந்து கிடந்தா யாருப்பா பார்ப்பாங்க? ஒரு தடவை ஆஸ்பத்திரில படுத்தீங்கன்னு தெரிஞ்சா போதும், அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்," என்று சொல்லி, விமான நிலையத்திலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

அதனால் அறுவையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று நாள் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போவதாக தார்ஹெலியாவிடம் சொல்லியிருந்தார். நம்பட்டும் என்று நீச்சல் டிரவுசரைக் கொடியில் காயப்போட்டு, அந்த அம்மாளின் கண்ணெதிரே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"ஆள் இல்லாம கட்டில் குடுக்க முடியாதுங்க," என்றாள் நூபே. "மருந்து வாங்கிட்டு வர யாரு? டாக்டர் வெளிய வந்து சொல்றப்போ தலையாட்ட யாரு?"

"நானே தலையாட்டறேன்."

"நீங்க அப்போ மயக்கத்துல இருப்பீங்க."

வெர்னன் யோசித்தார். "இவரு இருக்காரே. க்ளேவர் எனக்கு நல்ல பழக்கம்."

க்ளேவர் நூபேயைப் பார்த்தார். நூபே வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். "எனக்கு டூட்டி இருக்கு ஐயா," என்றார் க்ளேவர்.

"பரவாயில்ல. அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் போட்டிருக்கீங்களே," என்று நூபே சீட்டைத் திருப்பினாள். "மார்சி. மகள்தானே? நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்." அவள் போனை எடுத்துவிட்டாள்.

வெர்னன் மேசைக்குமேல் பாய்ந்து அவள் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக்கொண்டார். பித்தப்பை ஒரு குத்து குத்தியது.

"வேண்டாம். ஒரே ஒரு நிமிஷம். ஆளை வரவழைக்கிறேன்."

அந்த ஊரில் அவர் கூப்பிடக்கூடிய ஆள் ஒருவர்தான். தார்ஹெலியா வீடு மூன்றாவது பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆனாலும் வெர்னன் போனைப் பையில் வைத்து, வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் வந்துவிட்டார். கையில் கம்பளி, வெந்நீர்க் குடுவை, பொத்தான் தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் ஒரு பெரிய மூட்டை. பாவம், பதறி அடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார் என்று வெர்னனுக்கு மனசு உறுத்தியது.

"வெந்நீர் எப்படி இருக்கு?" என்று கேட்டார் தார்ஹெலியா.

வெர்னன் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்.

"உறவு என்ன?" என்றாள் நூபே.

"நான் குடியிருக்கிற வீடு இவங்களோடது."

"அது உறவுல சேராதுங்க. ரத்த சொந்தம் வேணும்."

"அக்கான்னு போட்டுக்கோங்க," என்றார் வெர்னன்.

நூபே நிமிர்ந்து பார்த்தாள். ஆறடி மூன்று அங்குலம், நீலக் கண், வெயிலில் சிவந்த கழுத்து. பக்கத்தில் அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தான் உயரத்துக்கு தார்ஹெலியா.

"ஒரே அம்மாவா?"

"அப்பா வேற," என்றார் வெர்னன்.

"அம்மாவும் வேற," என்றார் தார்ஹெலியா. "பொய் சொல்றதுன்னா நாலு பேரு நம்பற மாதிரி சொல்லணும், வெர்னன்."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் நூபே. "ரெண்டு பேருக்கும் ஒரே முகவரி. அவங்களும் தனி, நீங்களும் தனி. புருஷன் பொண்டாட்டின்னு போட்டுட்டா ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கமாட்டாங்க. வெறும் காகிதம்தானே."

வெர்னனின் காது நுனி சிவந்தது. "உங்களுக்குச் சங்கடமா இருந்தா..."

"எனக்கென்ன சங்கடம்? பித்தப்பை உங்களோடது."

நூபே மேசை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்த வெர்னன், அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நூபே இதை யாரிடமும் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

பத்து மணிக்கு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ரொசெந்தோ வந்தார். தார்ஹெலியாவின் அண்ணன். பேருந்து ஓட்டுகிறவர். பேருந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். பயணிகள் உள்ளேயே இருந்தார்கள். விஷயம் கல்யாணம் என்று தெரிந்ததும் அவர்களும் அவசரப்படவில்லை.

"பதினோரு வருஷம் தனியா இருந்தே. இன்னொருத்தனைக் கட்டிக்கோன்னு நான்தானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் தங்கையிடம். "இப்ப கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்தை இல்ல. ஒரு பன்னி அடிக்கல. ஒரு பேண்டு வாசிக்கல. ஊர்க்காரன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணும்."

தார்ஹெலியா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "நீ கேட்டா சொல்லியிருப்பேன்."

"என்னன்னு கேட்கறது? 'இன்னைக்கு யாரையாவது கட்டிக்கிட்டியா'ன்னு தினம் போன் பண்றதா?"

நேற்றுவரை அவர் வெர்னனை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். இப்போது கட்டில் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லியிருக்கலாம் மச்சான்," என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று வெர்னனுக்குப் பட்டது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது ஆஸ்பத்திரி ஃபாரத்துக்காக..."

ரொசெந்தோவின் முகம் இருண்டது. "ஃபாரத்துக்காகவா என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டே?"

"இல்ல. பிரியப்பட்டுத்தான்," என்றார் வெர்னன் அவசரமாக.

சொன்ன பிறகு தார்ஹெலியாவைப் பார்த்தார். அவர் ஊசியை விரலில் குத்திக்கொண்டு, விரலை வாயில் வைத்திருந்தார்.

"எந்த சர்ச்?"

"சர்ச் இல்ல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல."

"அப்ப சர்ச் கல்யாணம் எப்போ?"

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு ஊசி போட்டாள். அறை மெதுவாக இளகியது. எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். "அடுத்த மாசம்," என்றார் வெர்னன். "முதல் சனிக்கிழமை."

ரொசெந்தோ அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, பேண்டுக்குச் சொல்லப் போனார்.

பன்னிரண்டு மணிக்குள் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் பேருந்துப் பயணிகள். தார்ஹெலியாவின் அத்தை சொய்லா கையில் ஒரு முட்டையோடு வந்திருந்தார். "வெட்டறதுக்கு முன்னால உடம்புல இருக்கிற பயத்தை எடுக்கணும்," என்று சொல்லி, முட்டையை வெர்னனின் தலையிலிருந்து கால்வரை உருட்டினார். வயிற்றில் உருட்டும்போது டாக்டர் வந்துவிட்டார். அத்தை முட்டையைச் சட்டென்று நோயாளியின் முதுகுக்கு அடியில் ஒளித்தார். நோயாளி நிமிர்ந்து படுத்தார்.

டாக்டர் விரிப்பைப் பார்த்தார். மஞ்சள் பரவிக்கொண்டிருந்தது. "பித்தம் அதுவாவே வெளிய வந்துட்டதா?" என்றார். "அப்ப எனக்கு வேலை குறைஞ்சுது."

சாயங்காலம் வெர்னன் கண் விழித்தபோது பித்தப்பை இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். ரொசெந்தோவின் கையில் வெர்னனின் போன் இருந்தது.

"மச்சான், உங்க பொண்ணு கூப்பிட்டுச்சு. தங்கமான பொண்ணு. எனக்கு இங்கிலீஷ்ல மூணு வார்த்தைதான் தெரியும், பொறுமையா கேட்டுக்கிச்சு."

வெர்னன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த மூணு வார்த்தை?"

"அப்பா. ஆஸ்பத்திரி. கல்யாணம்."

வெர்னன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம் போனைத் திருப்பி உங்களைக் காட்டினேன். வாயைப் பொளந்துட்டு நல்லா தூங்கிட்டிருந்தீங்க. பொண்ணு கிளம்பி வருதாம்."

மார்சி சனிக்கிழமை காலை வந்தாள். கையில் ஒரு பெரிய காலிப் பெட்டி. அப்பாவின் துணிகளை அடைத்துக்கொண்டு போவதற்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"கிளம்புங்கப்பா," என்றாள் கதவருகிலிருந்தே. கட்டில் பக்கம் வர வழி இல்லை. ஒருவர் நகர்ந்தால்தான் இன்னொருவர் நகர முடியும். அவளுக்கு வழிவிடுவதற்காக நாலு பேர் வராந்தாவுக்குப் போனார்கள். இருந்த ஒரே நாற்காலியை யாரோ அவளுக்குக் கொடுத்தார்கள். இன்னொருவர் அவள் மடியில் ஒரு கிண்ணத்தை வைத்தார். வேகவைத்த வெள்ளைச் சோளமும் பன்றிக்கறியும் போட்ட சூப்.

"இவங்கல்லாம் யாருப்பா?"

"எனக்கும் முழுசா தெரியாது," என்றார் வெர்னன். "அந்தக் கடைசியில நிக்கிறவரு, பஸ்ல வந்தவரு."

மார்சி சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஆனால் சூப் கையில் இருந்ததால் முதலில் அதைக் குடிக்க வேண்டியிருந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே சொய்லா அத்தை புதிய முட்டை ஒன்றை எடுத்து அவள் தலையில் உருட்ட ஆரம்பித்தார். உருட்டி முடித்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மார்சி.

வெர்னன் மொழிபெயர்த்தார். "நீ ரொம்ப நாளா சரியா தூங்கலையாம். பக்கத்துல ஆள் இல்லாம பயந்திருக்கியாம்."

மார்சி முட்டையைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தார்ஹெலியா தைத்துக்கொண்டிருந்த சீருடைச் சட்டை ஒன்றை மூக்கு துடைக்கக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மார்சி நாற்காலியிலேயே தூங்கிப் போனாள். நாலு மணி நேரம் தூங்கினாள். அவ்வளவு நேரமும் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் குசுகுசுவென்றே பேசினார்கள்.

எழுந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் எனக்குக் கை உடைஞ்சுது. உங்ககிட்ட சொல்லல. ஒத்தக் கையால நானே வண்டியை ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"ஏன்மா சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

வெர்னன் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அங்க கூட்டிட்டுப் போனா உங்க பக்கத்துல யாருப்பா உட்காருவாங்க? எனக்குக் காலையில ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை. இங்கேயே இருங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தக் கல்யாணத்துக்கு நான் என்ன போட்டுக்கணும்?"

ஊரில் இருக்கலாம். அந்தக் கவலை தீர்ந்தது. மற்றொரு கவலை வெர்னனை ராத்திரி முழுக்க அரித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குக் கிளம்பும்போது, அறையில் தார்ஹெலியா மட்டும் இருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"என்னால உங்களுக்குப் பெரிய தலைவலி. எனக்கு ஒரு ஆள் வேணும்னு, ஒண்ணும் தெரியாத உங்களை இதுல இழுத்துவிட்டுட்டேன். உங்க அண்ணன்கிட்ட இன்னைக்கே உண்மையைச் சொல்லிடறேன்."

"பன்னி பார்த்து வச்சுட்டான்," என்றார் தார்ஹெலியா. கடைசிச் சீருடையை மடித்து மூட்டையில் வைத்தார். மூட்டை முழுவதும் தைத்து முடித்திருந்தது. "மெதுவா சொல்லிக்கலாம். முதல்ல காலைப் பார்த்து வைங்க." அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். வாசலில் ரொசெந்தோவின் பேருந்து, பயணிகளோடு காத்திருந்தது. முன் சீட்டில் மார்சி.

வெர்னன் சுவரைப் பிடித்துக்கொண்டு சேர்க்கை மேசையைத் தாண்டும்போது, அங்கே ஒரு வெள்ளைக்காரர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பை. அவருக்கும் எழுபது இருக்கும். நூபேக்கு அன்று விடுமுறை. வேறொரு பெண் இருந்தாள்.

வெர்னனுக்கு மனம் இளகியது. அவர் தோளைத் தொட்டு, "கூட யாரும் வரலையா? உடனே யாரையாவது கூப்பிடுங்க. ஆள் இல்லாம உள்ள விடமாட்டாங்க," என்றார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே ஐயா," என்றாள் மேசைப் பெண். "எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்குவோம்." வெள்ளைக்காரரிடம் அறை எண்ணைச் சொன்னாள். அவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே படியேறிப் போனார்.

வெர்னன் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலில் நின்ற க்ளேவரிடம் போனார்.

"என்னை மட்டும் ஏன் கேட்டாங்க?"

க்ளேவர் வெளியே பேருந்தில் ஏறிக்கொண்டிருந்த தார்ஹெலியாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சட்டம் உங்களுக்கு மட்டும்தான் ஐயா. உங்க சட்டையைத் துவைக்க எடுத்தப்போ சீட்டு கிடைச்சுதாம், திங்கக்கிழமையே அந்தம்மா இங்க வந்து, 'அந்த மனுஷன் தானா வாயைத் திறந்து என்னைக் கூப்பிடற வரைக்கும் கட்டில் குடுக்காதீங்க'ன்னு நூபேகிட்ட சொல்லிட்டு, ஃபாரத்துல 'மனைவி'ங்கற இடத்துல தன் பேரையும் எழுதி வச்சுட்டுப் போனாங்க."