கீழ்த்தாடை முகாம்

"கர்ப்பப்பை" என்ற சொல் இன்னாசிராஜின் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது. தெருவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

லேடி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "கர்ப்பப்பை வாய்ல ஒரு கிருமி தொத்திக்கும், இன்னாசி. வலியே இருக்காது. கவனிக்காம வுட்டா சில பேருக்குப் பின்னாடி புற்றுநோயாயிடும். முன்னாடியே பாத்தா சரி பண்ணிடலாம். போன மாசம் ஒருத்தரும் வரல. இந்தத் தடவையும் வரலன்னா முகாமையே நிறுத்திடுவாங்க."

போலியோ, மலேரியா என்றால் சுகாதார நிலைய ஊழியன் இன்னாசிராஜ் சிங்கம்போல முழங்குவான். ஆனால் இன்றைக்கு எதிர் டீக்கடையில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"தாய்மார்களே! நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச... வாய்ப் பரிசோதனை!"

வெற்றிலைக் கறைப் பல்லோடு பச்சியப்பன் ஜீப்பை மறித்தார். "எனக்குக் கடவாப்பல்லு ஆடுதுங்க. புடுங்குவாங்களா?"

"பொம்பளைங்களுக்கு மட்டுந்தாங்க."

"ஏன், எங்களுக்கு வாயி இல்லீங்களா?"

டீக்கடை சிரித்தது. இன்னாசிராஜுக்கு வியர்த்தது. "இது அந்த வாயி இல்லீங்க. கீழ..."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ்த்தாடை!" என்று முடித்தான்.

பொழுது சாய்வதற்குள், பாலக்கோட்டிலிருந்து கீழ்ப்பல்லுக்கு ஸ்பெஷல் டாக்டர் வருவதாக ஊரெல்லாம் பரவிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். வாசல் தாண்டிப் புளியமரம் வரைக்கும் பெண்கள். அத்தனை பேர் கையும் கன்னத்தில். சைக்கிளிலும் டிராக்டரிலும் கொண்டுவந்து இறக்கிய புருஷன்மார்கள் ஓரமாக பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் அவன் மனைவி புஷ்பமேரி வேறு, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு!

"உனக்கு எப்பப் பல்லு வலி வந்துச்சு?"

"நேத்து நீங்க மைக்குல சொன்னதுலருந்துதாங்க."

தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. டாக்டரிடம் ஓடினான். "தப்பு பண்ணிட்டேங்கம்மா! எல்லாமே பல்லு கேஸு. உண்மையச் சொல்லி வூட்டுக்கு அனுப்பிடறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் மேசை மேலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். மாமனாராவது மண்ணாங்கட்டியாவது! கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடங்கினான்:

"தாய்மார்களே! இது கர்ப்ப..."

வரிசையில் முதலாவதாக நின்ற காசியம்மாள் பாய்ந்து மைக்கைப் பொத்தினாள்.

"கத்தாத தம்பி! நர்சம்மா வூடு வூடா வந்து எல்லாத்தையும் எங்களுக்குச் சொல்லிட்டாங்க. பல்லு வலின்னாத்தான் ஆம்பளைங்க அனுப்புறாங்க. அவுங்க கெளம்புற வரைக்கும் நீ வாய மூடு!"