உஷ் அண்ணனும் ஒளிந்திருந்த மைக்கும்

திருவள்ளூர் மாவட்டத்திலேயே மின்விசிறியைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் உஷ் அண்ணன்தான். பாம்புக்கும் போலீசுக்கும் அசராதவர், தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் முகம் வெளிறிப்போவார். "தம்பி, அத்த ஆப் பண்ணு. மைக்குல காத்து ஏறுது" என்பார். கும்மிடிப்பூண்டி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவது என்ன பாடு என்பது, அவர் வீட்டு மாடியில் குடியிருந்த எனக்குத்தான் தெரியும்.

தொழிற்பேட்டையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சத மெஷினில் அடித்து உருவாக்கும் கம்பெனி ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். ஷிப்ட் முழுக்கத் தரை அதிரும். பக்கத்தில் நிற்பவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. பேச்சு எல்லாம் கை ஜாடைதான். யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் ஆளாளுக்கு ஒரு பாட்டை முனகிக்கொண்டே வேலை செய்வோம். அப்படிச் சத்தத்தில் பிழைத்த மனிதர், வீட்டு வாசலை மிதித்ததும் உலகத்தைப் பார்த்து "உஷ்" என்பார். நாய்க்கு ஒரு உஷ், தண்ணி லாரிக்கு ஒரு உஷ். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எல்லாம் கச்சேரிப் பைத்தியம். கோயில் நாகஸ்வரமோ, கல்யாண மெல்லிசையோ, மாதா கோயில் பாட்டோ, நேரில் போய் ரெக்கார்ட் பண்ணிவிட வேண்டும். அதற்கு ஏற்ற மைக்கைத் தேடித்தான் மனிதர் பாதி உடம்பாகிப் போனார். "ஸ்டாண்டுல வச்சா ராஜா மாரி நிக்கணும். சட்டையில மாட்டுனா ஒருத்தன் கண்ணுக்கும் தெரியக் கூடாது. ரெண்டுக்கும் ஒரே மைக்கா வோணும்" என்பது அவர் கொள்கை. முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் ஸ்டாண்டில் பிரமாதமாக இருக்கும். சட்டையில் மாட்டினால் அவர் திரும்பும்போதெல்லாம் பாட்டும் திரும்பிவிடும். நாலு பக்கமும் கேட்கும் பொட்டு மைக் சட்டைக்குத் தோதாக இருக்கும். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் ஏப்பத்தையும் பக்தியோடு பதிவு செய்துவிடும்.

வாங்குவதும், சோதிப்பதும், திருப்பி அனுப்புவதுமாக மாதங்கள் போயின. சோதனைக்கூடம் அவர் மனைவி ரோஸி அக்காவின் சமையலறை.

"ரோஸி, குக்கர் விசில் வுடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு."

"அது இன்னா, என்னக் கேட்டுக்கினா கூவுது?" என்பார் அக்கா.

பொன்னேரியில் ஒரு கல்யாண வரவேற்பில் புதிதாக வந்த சட்டை மைக் ஒன்றைப் பரீட்சை பார்த்தார். கஞ்சி போட்ட மொடமொட சட்டை. அசைந்தால் சரசரக்கும் என்று, மேடைக்கு நேராக மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றார். கண் கூட இமைக்கவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பயந்துபோய், வலிப்பு வந்துவிட்டதென்று முடிவு கட்டிவிட்டார். அன்றைய ரெக்கார்டிங்கில் பாட்டு லேசாகத்தான் கேட்கும். "யாராவது சாவி குடுங்கபா, கையில இரும்பக் குடுங்கபா" என்று அந்தப் பெரியவர் கத்தியது மட்டும் தெள்ளத் தெளிவாக விழுந்திருந்தது. மைக் நல்ல மைக் என்று அண்ணன் முடிவுசெய்தது அன்றைக்குத்தான். அதிலேயே ஒரு ஜோடி வாங்கினார். ஸ்டாண்டில் பொருத்தவும் ஒரு பிடி சேர்த்து வாங்கினார். கஞ்சிச் சட்டைகளை எனக்குக் கொடுத்துவிட்டார்.

சிரிப்பு அதோடு நின்றது. ரோஸி அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் குரல் மாறிப்போகவும் கூடும் என்று டாக்டர் சொன்னாராம். அக்கா சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல். அவர் தனியாக எடுத்துப் பாடும்போது கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீதாராதனை, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஆராதனை. ஊர் பூராவும் ரெக்கார்ட் பண்ணிய அண்ணன், கூடவே இருக்கிற குரலை ஒருநாளும் ரெக்கார்ட் பண்ணவில்லை. எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டார்.

அன்றைக்கு ரெக்கார்ட் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு அக்கா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "சாவப்போறவள நிக்கவச்சு போட்டோ புடிக்கிற மாரி இருக்குதுங்க. மைக்கப் பாத்தா எனுக்குத் தொண்ட அடைச்சிக்கும். வாணாம்."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு வந்தார். "தம்பி, அவ வாணான்றா. எனுக்குத் தாங்கல. ஒருவேள குரல் போச்சுன்னா நான் இன்னாத்தக் கேட்டுக்கினு உக்காருவேன்?" என்றார்.

அந்த ஞாயிறு மாலை, சீக்கிரமே சர்ச்சுக்குப் போய், முதல் வரிசை ஓரத்தில் பூ ஜாடிக்குப் பின்னால் ஸ்டாண்டை நிறுத்தி இரண்டு மைக்கையும் பொருத்தினார். அருமையான இடம். பாடகர் குழு வந்து நின்றது. அக்காவின் பார்வை பூ ஜாடிப் பக்கம் போனது. அவ்வளவுதான், அண்ணன் எழுந்துவிட்டார். பூவைச் சரிசெய்வதுபோலப் போய் எல்லாவற்றையும் பிடுங்கி வந்து, காலருக்கு அடியில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பி அண்ணனை முறைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி முறைத்தார். பிறகு அவர் கணவரும் திரும்பினார்.

"ஒயரு தெரியுதா தம்பி?" என்று அண்ணன் கை ஜாடையில் கேட்டார். இல்லை என்று காட்டினேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அக்கா தனியாகப் பாடியபோது மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் ஹெட்போனைப் போட்டோம். அக்காவின் குரல் தேனாக வந்தது. அதன் மேலேயே, சுருதிக்கும் தாளத்துக்கும் சம்பந்தமில்லாமல், கரகரவென்று இன்னொரு குரல். ஆரம்பம் முதல் கடைசி வரை அண்ணன்தான் முனகிக்கொண்டிருந்தார். கம்பெனிப் பழக்கம். தான் முனகுவது அவர் காதுக்கு எட்டவில்லை. அதே மெஷினில் காதைத் தேய்த்துக்கொண்ட எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்தும் எட்டவில்லை. முன்வரிசை அம்மா முறைத்தது ஒயரைப் பார்த்து அல்ல.

"நானே கெட்த்துட்டேனே" என்று அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். அன்றைக்கு நான் கேட்காமலேயே ஃபேனைப் போட்டுவிட்டார். எனக்குப் பயம் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அக்கா வாய் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. போகப்போகச் சரியாகலாம் என்றார்கள். அந்த 'லாம்' அண்ணனைத் தின்றது. அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒரு பகலில், நான் கஞ்சி கொண்டுபோயிருந்தபோது, அண்ணன் அக்காவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "நீ வாணான்னு சொன்னத மீறிட்டேன். அதுலயும் ஒழுங்கா ஒண்ணும் இல்ல" என்று ஹெட்போனை நீட்டினார்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். திட்டப்போகிறார் என்று நானும் சுவரோரம் நகர்ந்தேன். திடீரென்று அக்காவின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் சிரித்தார், கழுத்தில் போட்டிருந்த கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு விரலைச் சுழற்றி, இன்னொரு தரம் போடச் சொன்னார். அண்ணன் விசும்பிக்கொண்டே போட்டார்.

குரல் மெதுவாகத் திரும்பியது, ஆனால் கொஞ்சம் தடித்து. உச்சத்துக்கு எட்டவில்லை. அக்கா இப்போது இரண்டாம் வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுகிறார். அடுத்த கீதாராதனைக்கு அண்ணன் அனுமதி கேட்டு, ஸ்டாண்டைத் துடைத்து எடுத்து வந்தார். அக்கா அதை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"ஸ்டாண்டு வாணாங்க. சட்டையிலயே மாட்டிக்கினு உக்காருங்க. அதுல நீங்களும் வரணும்."

அண்ணன் பழக்கதோஷத்தில் கிளிப்பைக் காலருக்கு அடியில் செருகப் போனார். நான் வாங்கி, காலருக்கு மேலேயே, எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிவிட்டேன். அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.