செம்புப் பானையை இந்த வருடம் கொண்டுவர வேண்டாம்

நபூல்,
மார்ச் 19

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் மோன்ஜி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்ஃபாக்ஸில் நீங்களும் வீட்டாரும், கோடையில் மணமகளாகப் போகும் உங்கள் மகள் ஒல்ஃபாவும் இறைவன் அருளால் நலமாக இருப்பீர்கள். உங்கள் தங்கை ஸுபைதா நலம். நானும் நலம் என்றுதான் நினைக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் நான் உடனே உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவேன். எழுதினால் முடிவு வரை போய்விடலாம்.

சொல்ல வந்தது இதுதான்: ஏப்ரலில் ஆரஞ்சுப் பூவைக் காய்ச்சிப் பூநீர் வடிக்கும் செம்புப் பானையை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். மாமா நட்ட கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூநீர்தான் ஒல்ஃபாவின் கல்யாணப் பலகாரத்தில் விழும் என்று நீங்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வரியை மூன்று தாள்களில் எழுதிப் பார்த்துவிட்டு நான்காவது தாளில் எழுதுகிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இலைகளுக்கிடையே வெள்ளையாக, பஞ்சு சுற்றியதுபோலப் பூச்சிகளைக் கண்டேன். மாவுப்பூச்சி என்று முடிவு செய்தேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த பழக்கத்தில் மரத்தையும் வரைந்து, பன்னிரண்டு கிளைகளுக்கும் எண் கொடுத்து, பெரியதாகத் தெரிந்தவற்றை இடுக்கியால் எடுத்தேன். அறுபத்தொன்று. கொல்ல மனம் வரவில்லை, ஆகவே ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியில் துளையிட்டு, தின்ன அவற்றோடு சின்ன மாவுப்பூச்சி அப்பிய இலைகளையும் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். அடுத்த வாரம் இலைகள் சாம்பல் நிறமாகப் புள்ளி விழுந்து வெளிறின. வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினேன், மிளகுப்பொடி போல விழுந்தவை நடக்க ஆரம்பித்தன. உருப்பெருக்கியில் பார்த்தேன், சிவப்பு, ஒரு இலைக்கு ஒன்பது வீதம், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால். சந்தையில் விவசாய மருந்து விற்பவரிடம் போனேன்.

“என்ன ஹாஜியாரே, மரத்துல பூச்சியா?” என்றார். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. அதைத் திருத்தவே தைரியம் வராதபோது பூச்சியை எப்படித் திருத்துவது? அவர் பூச்சி என்றதும், எட்டு என்று நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன், பூச்சிக்கு ஆறுதானே என்று தோன்றிவிட்டது. ஆமாம் என்றேன். அவர் கொடுத்த புட்டியை வாங்கிவந்து, பன்னிரண்டு கிளைக்கும் வரிசை தவறாமல் அடித்தேன். மறுநாள் மரத்தடியில் பொறிவண்டுகள் செத்துக் கிடந்தன, பத்து நாளில் சிவப்புப் பேன்கள் இலைக்கு நாற்பத்தொன்றாயின. மறுபடி கடைக்குப் போனேன்.

“எட்டுக் காலா? அப்போ அது சிலந்திப்பேனு, ஹாஜியாரே. இந்த மருந்து அதத் திங்கிறதயெல்லாம் கொன்னுடும், அத ஒண்ணும் பண்ணாது. முதல்லயே எட்டுனு சொல்லப்படாதா?”

ஜாடியிலும் ஒரு மாற்றம் நடந்தது. மார்ச் மாதம் ஒரு காலையில் அதில் வெள்ளையாக எதுவும் இல்லை. கறுப்பு உடலும் செம்மஞ்சள் தலையுமாக வண்டுகள் உட்கார்ந்திருந்தன. நூலகத்துப் புத்தகத்தில் பார்த்தேன். நான் பிடித்தவை மாவுப்பூச்சியே அல்ல, அதே வேஷத்தில் திரிந்து அதைத் தின்னும் பொறிவண்டின் இளசுகள். நான் சிறைபிடித்ததால் மட்டும் மருந்திலிருந்து தப்பியவை. ஸுபைதா ஜாடியைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ள பூச்சிக்குத் தீனி போடுறீங்க, வாசல்ல மருந்தடிக்கிறீங்க. நீங்க எந்தக் கட்சி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் மண்பாண்டம் செய்யும் ரதியா இருக்கிறாரே, அவருடைய சூளை முற்றத்துத் தூசி நம் மரத்தில் படிவதால்தான் பேன் பெருகுகிறது என்று புத்தகத்தில் படித்ததை மிகப் பணிவாகச் சொன்னேன்.

“என் ஆரஞ்சு மரமும் இந்தத் தூசியிலதான் நிக்குது, ஹெதி அண்ணே. அதுக்கு ஒரு நாளும் வைத்தியர் வரல, அதான் நல்லா இருக்கு. போய்த் தண்ணி பீச்சுங்க, இலைக்கு அடியில. மரத்தச் சுத்தி எறும்பு ஏறாம பிசின் தடவுங்க. முடிஞ்சா கொஞ்ச நாளு சும்மா இருங்க.”

மூன்றாவதைத் தவிர எல்லாம் செய்தேன். காலைதோறும் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினேன், அடிமரத்தில் பிசின் தடவினேன், பிறகு வண்டுகளை, குறிப்பேட்டில் பார்த்து, எந்தக் கிளையில் பிடித்தேனோ அந்தக் கிளையிலேயே விட்டேன். இப்போது பேன் இலைக்கு ஆறு. மொட்டும் ஏராளம். ஆனால் அந்த மருந்தடித்த மரத்தின் பூ அது. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற வரி புட்டியில் கிழிந்திருக்கிறது. கடைக்காரர் “ஒண்ணும் ஆகாது” என்கிறார், அவரை ஏற்கெனவே ஒருமுறை நம்பிவிட்டேன். கல்யாண வீட்டாருக்கு அதைக் கொடுக்க என்னால் முடியாது. மாமாவின் மரத்தைக் காக்கத் தெரியாத என்னை மன்னியுங்கள். வேண்டுமானால் மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே எழுதுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். ஒல்ஃபாவின் வாழ்வில் இறைவன் நிறைவான பரக்கத்தைப் பொழியட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஹெதி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஸுபைதா வாங்கிப் படித்துவிட்டு ஓர் உண்மையைச் சொன்னாள். பானையைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். நான் ஓய்வு பெற்று மரத்தைக் கவனிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக, நீங்கள் வடித்துக்கொண்டு போவது ரதியா மரத்துப் பூவாம். உங்களை அழைத்துவர என்னைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிவிட்டு அவளும் ரதியாவும் சுவருக்கு அந்தப்புறம் பறித்து வந்து துணியில் குவித்துவிடுவார்களாம். நம் மரத்துப் பூவையும் பறித்துக் குழியில் கொட்டிவிடுவார்களாம், இல்லாவிட்டால் நான் மொட்டை எண்ணிக் கண்டுபிடித்துவிடுவேனாம். அப்பா மரத்து மணம் வேறெதற்கும் வராது என்று வருடாவருடம் நீங்கள் சொல்வதைக் கேட்டு ரதியா தலையாட்டிக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “மரத்துக்கு வைத்தியம் பாக்கிறப்போ நீங்க சந்தோஷமா இருந்தீங்க” என்றாள்.

இதை எழுதிவிட்டு, சுவரின் மேல் கைநீட்டி ரதியா மரத்துக் கிளையொன்றைத் தாளில் தட்டிப் பார்த்தேன். இலைக்கு மூன்று. கால்களை எண்ணினேன், எட்டு. இந்த முறை என் கணக்கைச் சந்தேகிக்கவில்லை. கடைக்கும் போகவில்லை. அந்த மரத்துக்கும் தண்ணீர் பீய்ச்சக் குழாயைச் சுவருக்கு மேலே போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் ரதியாவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.