ஒரேத்தோவிலை காருக்குப் பந்தி வைச்ச மனுசன்

இத்தாலியிலை, பலெர்மோச் சனத்தை ஒரு ஒழுங்கிலை நிக்க வைச்ச ஆள் இந்த உலகத்திலை ஒராள்தான். ரோமாபுரி ராசாக்களும் வந்து பாத்தவை, அராபியரும் வந்து பாத்தவை, ஒருத்தராலையும் ஏலேல்லை. எங்கடை பந்தியர் முற்றம் கூட்டுற ஒரு தும்புத்தடியோடை வந்தார், முடிச்சார்.

பந்தியர் எண்டது பட்டப்பேர், அவற்றை சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் எழுத்துக்கூட்ட வராது. நான் பள்ளிக்கூடம் போனதே அங்கை குடுக்கிற பிசுக்கோத்துக்கு. தொண்ணூறுகளிலை பலெர்மோவிலை எங்கடை ஆக்கள்டை கலியாணம் எண்டால், சாப்பாட்டு மண்டப வாசலிலை அவர் நிப்பார். ஒரு பந்தி இருந்து, சாப்பிட்டு, எல்லாரும் ஒண்டாய் எழும்பினால்தான் அடுத்த பந்தி உள்ளை போகலாம். இடையிலை ஒருத்தர் நுழையவும் ஏலாது, ஒருத்தர் எழும்பவும் ஏலாது. ஒருக்கால் மாப்பிள்ளையையே மறிச்சுப்போட்டார். "தம்பி, பொம்பிளை கிடைச்சிட்டுதுதானே. சோறும் கிடைக்கும், நில்லும்."

பொலிதேயாமாவிலை பஸ் வந்து நிண்டாலும் உந்தக் குணம்தான். இறங்கிற சனம் முழுக்க இறங்குமட்டும் கதவிலை கையை விரிச்சுக்கொண்டு நிப்பார். ஒருநாள் எல்லாரும் இறங்கி முடிய, பஸ் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுது. மறிபட்ட சனத்தோடை நானும் ரோட்டிலை. அவர் என்னைத் திரும்பிப் பாத்து, "ஒழுங்காய்த்தானே போச்சுது" எண்டார்.

அவருக்கு வேலை ஒரேத்தோத் தெருப் பக்கம் ஒரு 'இசோலா'விலை. வீட்டுப் பழசுகளைக் கொண்டுபோய்ப் போடுற முற்றம் அது. போத்தலுக்கு ஒரு தொட்டி, பேப்பருக்கு ஒண்டு, பழைய பிரிஜ், மெத்தையளுக்கு ஒரு மூலை. பேந்து அதுகள் வேறை சாமானாய் மாறி வருமாம். நானும் அங்கை அடிக்கடி போறனான். சின்னோராமார் எண்டுற இத்தாலியன் அம்மாமாரின்ரை உடைஞ்ச அலுமாரியளை மூண்டு சில்லு வண்டியிலை ஏத்திக்கொண்டு போய்க் கொட்டுறதுதான் என்ரை தொழில்.

சனிக்கிழமை காலமை பாக்கோணும். வாசல் ஒண்டு, அதுவும் ஒரு கார் போற அகலம். உள்ளை போறவனும் அதாலை, வெளியிலை வாறவனும் அதாலை. காருக்கு மேலை மெத்தை, மெத்தைக்கு மேலை நாய். ஒருத்தனும் பின்னுக்கு எடுக்கமாட்டான். காரை நடுவிலை விட்டிட்டு இறங்கி நிண்டு கதை. தெருமுனை மட்டும் ஹோர்ன் சத்தம். எனக்கு வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது, அதாலை நான் மாட்டினால் முழு ஒரேத்தோவும் மாட்டும். எதிர்வீட்டுப் பல்கனியிலை ஒரு சின்னோரா நிண்டு எங்கடை ஏழு தலைமுறையையும் திட்டுவா.

கடைசியிலை, இசோலாவைக் குத்தகைக்கு நடத்தின முதலாளி, காப்போ எண்டு கூப்பிடுவம், வந்து சொல்லிப்போட்டார்: "தெருச்சனம் முறைப்பாடு. வாற சனிக்கிழமையும் இப்பிடி அடைச்சால் இழுத்து மூடுறன்."

பந்தியருக்கு முகம் செத்துப்போச்சு. அவற்றை மனுசி கொழும்பு லொட்ஜிலை வந்து நிக்கிறா, இஞ்சை கூப்பிட அலுவல் நடக்குது. வேலை போனால் பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிக்க ஏலாது. அது இல்லாட்டி மனுசி வர ஏலாது.

"இப்ப என்னண்ணை செய்யப் போறியள்?"

"பந்தி வைக்கப் போறன்."

"ஆருக்கு?"

"காருக்கு."

சனிக்கிழமை நான் போறன், முற்றம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. வாழையிலை போட்டமாதிரி வரிசையாய்ப் பெட்டி பெட்டியாய்க் கீறிக் கிடக்கு. பந்தியர் ஏழெட்டுக் காரை உள்ளை விட்டார், ஆளுக்கொரு பெட்டி காட்டினார், வாசலை மறிச்சார். "ஆஸ்பெத்தா!" பொறு எண்டதுக்கு அந்த ஒரு இத்தாலியன் சொல்லுத்தான் அவருக்கு வரும். மிச்சமெல்லாம் தமிழ்.

அந்த முதல் பந்தியிலை காப்போ! நிலவரத்தை நேரிலை பாக்க, மனுசியின்ரை காரிலை, ஒரு கட்டுப் பழைய பேப்பரோடை வந்திட்டார். பேப்பரைத் தொட்டியிலை எறிஞ்சார், காரை ஸ்ராட் பண்ணினார், வெளிக்கிட்டார். பந்தியர் காருக்கு முன்னாலை போய் நிண்டார்.

"எழும்பக் கூடாது. பக்கத்து இலைக்காரர் இன்னும் முடிக்கேல்லை."

நான் ஓடிப்போய்க் காதுக்கை சொன்னன்: "அண்ணை, விசரே? அது காப்போ! உங்கடை மனுசி வாறதே அந்தாள்டை கையிலை கிடக்கு!"

"எனக்குக் கண் தெரியும். ஒராள் இடையிலை எழும்பினால் முழுப் பந்தியும் குழம்பும். இருக்கச் சொல்லு."

சொல்லிப்போட்டுத் தும்புத்தடியைக் காருக்குக் குறுக்காலை பிடிச்சார். அது அசையேல்லை.

மொழிபெயர்க்கிற கோதாரி என்ரை தலையிலை. "சின்னோரே, இது எங்கடை ஊர் வழக்கம். எல்லாரும் முடிச்சால்தான் எல்லாரும் போறது." காப்போ சிவந்தார், ஹோர்னை அமத்தினார், மடோன்னா மாதாவைக் கூப்பிட்டார். மடோன்னாவும் பந்தியரைத் தாண்டி வரேல்லை. பிறகு பக்கத்துப் பெட்டியைப் பாத்தார். அங்கை ஒரு கிழவி, உடுப்புத் தோய்க்கிற மெசினோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டா. அவ முடிக்காமல் தான் போக ஏலாது எண்டது விளங்கினவுடனை காப்போ கோட்டைக் கழட்டினார், மெசினுக்குத் தோள் குடுத்தார். அதைப் பாத்து மற்றவையும் இறங்கிச்சினம். ஒருத்தன்ரை மெத்தையை இன்னொருத்தன் தூக்கிறான். என்ரை அலுமாரியை ரெண்டு பேர் தூக்கிச்சினம். நான் பக்கத்திலை நிண்டு வழி காட்டினன், எனக்கு அந்த வேலை நல்லாய் வரும்.

"எழும்பலாம்!" எண்டார் பந்தியர். எல்லாரும் ஒண்டாய் வெளியிலை. அடுத்த பந்தி உள்ளை.

காப்போ தெருவிலை இறங்கிக் காது குடுத்தார். ஒரு ஹோர்ன் இல்லை. பல்கனிச் சின்னோரா எட்டிப் பாத்தா. நான் வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சன். அவ கயித்திலை ஒரு கூடையை இறக்கினா, உள்ளுக்கை சியாகுல்லி ஊர்த் தோடம்பழம். "இண்டைக்குத்தான் என்ரை மனுசன்ரை குறட்டை எனக்குக் கேக்குது!" எண்டு கத்தினா.

காப்போ சிரிச்சுக்கொண்டு ஒரு பழத்தை உரிச்சார், பாதியைப் பந்தியருக்கு நீட்டினார். "இசோலா மூடேல்லை. நீயும் இஞ்சைதான்."

"பந்தி நடக்கேக்கை நான் சாப்பிடமாட்டன் எண்டு சொல்லு" எண்டார் பந்தியர். அந்தப் பாதியை நான் திண்டன்.

சில மாசத்தாலை மனுசி வந்தா. விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனன். கண்ணாடிக் கதவு திறந்துது. அவ ஒரு பெட்டியோடை நிண்டு ஆளைத் தேடுறா. பந்தியர் அசையேல்லை. பின்னாலை வாறவையெல்லாம் அவரிலை முட்டி நிக்கினம், வழி அடைச்சுப்போச்சு.

"அண்ணை, போங்கோவன்."

"கால் வரமாட்டெண்டுது தம்பி."

பலெர்மோ முழுக்க நகத்தின மனுசனை, நான் முதுகிலை கையை வைச்சு மெல்லமாய்த் தள்ளிவிட்டன். அந்த முதுகின்ரை சூடு இப்பவும் என்ரை உள்ளங்கையிலை கிடக்கு.