வெள்ளையம்மாவை யாரிடம் விட்டு வருவது

குண்டனி நாடு,
கொல்லிமலை.
ஞாயிற்றுக்கிழமை, காலை.

என் அன்பு மகள் கோகிலாவுக்கு,

அப்பா அப்பாசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், மழை நலம், மிளகுக்கொடி நலம். உன் நலமும் மாப்பிள்ளை கார்த்தியின் நலமும் பேத்தி கீர்த்தனாவின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ "அப்பா" என்று ஒரு இழு இழுத்தால் நான் "சரி சாமி" என்று சொல்லிவிடுகிறேன். காகிதம் அப்படி இழுக்காது. எழுத்து கோணலாக இருந்தால் அது என் கண்ணின் குற்றம். விஷயம் கோணலாக இருந்தால் அது பூனையின் குற்றம்.

வருகிற வியாழக்கிழமை கோயமுத்தூரில் என் கண் ஆபரேஷனுக்கு நீ நாள் வாங்கியிருக்கிறாய். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று, இனியும் தள்ளினால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் என்னால் வர முடியாது. பத்து நாள் உன் அம்மாவின் பூனை வெள்ளையம்மாவை யாரிடம் விட்டு வருவது?

நான் முயற்சியே செய்யவில்லை என்று நினைக்காதே. முதலில் மேல்காட்டுச் செல்லமுத்துவிடம் கேட்டேன். "அதுக்கென்னங்க, கொண்டாந்து உடுங்க, எங்க ஊட்டுலயும் எலித்தொல்லை" என்றான். விட்டேன். வெள்ளையம்மா எலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம், நேராகப் போய் அடைக்கோழிக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், கோழி பயந்து முட்டைகளை விட்டுவிட்டு எழுந்து ஓடி கூரையில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டதாம். மறுநாள் காலை ஒரு கையில் பூனையும் இன்னொரு கையில் ஆறிப்போன முட்டைக் கூடையுமாக வந்து நின்றான். "எதையும் தின்னலீங்க. சும்மா பாத்துச்சுங்க. பாத்ததே போதுங்க" என்றான். அடுத்ததாக, யாருமே வேண்டாம், அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பத்துக் கொட்டாங்குச்சியில் பத்து நாள் கருவாட்டை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கல்லால் மூடி, நாளைக்கு ஒரு கல்லைத் தள்ளித் தின்றுகொள்ளும் என்று ஒத்திகை பார்த்தேன். ஊர் நாய்கள் அந்தப் பத்து நாளையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டன.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் இருக்கிறாளே என்று நீ கேட்பாய். கேட்காதே. எல்லையில் நிற்கிற பலாமரம் யாருடையது என்று முடிவாகாமல் மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. உன் அம்மாவும் என் சொல்லைத் தட்டாமல் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உன் அம்மாவின் சாவுக்கு வந்து பொன்னம்மாள் மாரடித்து அழுதபோதுகூட நான் பேசவில்லையே, இப்போது பூனைக்காகவா பேசுவேன்?

கடைசியில் சேந்தமங்கலத்தில் இருக்கிற உன் மாமன் சின்னராசு ஒப்புக்கொண்டான். வெள்ளையம்மாவைச் சாக்கில் போட்டு, மூச்சுக்குத் துளைகள் விட்டு, சாக்கு வாயைக் கட்டி பஸ்ஸின் பின்பக்கம் வைத்தேன். பக்கத்தில் யாரோ ஏற்றிய மிளகுச் சாக்குகள். சோளக்காட்டுச் சந்தையில் பஸ் நின்றதும் நான் முன்வழியாக டீ குடிக்க இறங்கினேன், கண்டக்டர் மணிவண்ணன் பின்வழியாக மிளகோடு மிளகாகப் பூனையையும் வியாபாரி ஒருவரிடம் இறக்கிக் கொடுத்துவிட்டார். மிளகு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று சாக்குக்குள் கையை விட்டு அள்ளிப் பார்ப்பதுதான் வியாபாரியின் வழக்கம் என்று உனக்குத் தெரியும். அந்த மனுஷன் கையை விட்டார். அவர் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. பூனை கடைத் தகரத்தின் மேல் ஏறிக்கொண்டது. நான் கூப்பிட்டேன், வரவில்லை. என் குரலை அது என்றைக்கு மதித்தது? வேறு வழியில்லாமல், அத்தனை பேர் நடுவில், உன் அம்மா கூப்பிடுகிற மாதிரியே குரலை மெலிதாக்கி, "வெள்ளையம்மோ... வா சாமி... வா" என்று ராகம் போட்டேன். அன்னாசி விற்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பூனை இறங்கி வந்தது. எனக்கோ அழுகை வந்துவிட்டது கண்ணு. அந்தக் கூப்பாட்டைக் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சேந்தமங்கலம் எங்கே போவது, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன்.

ஒரு பூனைக்காகவா கண்ணை விடுவார்கள் என்று கோபிக்காதே. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு மத்தியானம் உன் அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, நான் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, பூனைக்குச் சோறு வெச்சீங்களா?" என்றாள். "இப்ப பூனைதான் உனக்குப் பெரிசாப் போச்சா" என்று எரிந்து விழுந்தேன். ராமாயியிடம் நான் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். எழுந்து போய்ச் சோறு பிசைந்தேன், பூனையின் ஈயத்தட்டைத் தேடினேன், தட்டையும் காணோம், பூனையையும் காணோம். திரும்பி வந்து பார்த்தால் அவளும் இல்லை. அவள் கேட்டுவிட்டுப் போன ஒரே ஒரு வேலை அது. தினமும் சோறு வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். நான் வைத்தால் தொடாது, ஆனாலும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு வருகிறது. எலி நிறையக் கிடைக்கிறது போலிருக்கிறது.

ஆகையால் டாக்டரிடம் பக்குவமாகப் பேசித் தையில் ஒரு நாள் வாங்கு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கீர்த்தனாவுக்கு அப்புச்சி மலைவாழைப்பழம் அனுப்புவதாகச் சொல். கருப்பன் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அப்பாசாமி

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். உச்சிவேளை. மற்ற நாட்களில் இந்நேரம் நான் காட்டில் இருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் "வெள்ளையம்மோ... வா சாமி... வா" என்று உன் அம்மா கூப்பிட்டாள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கூப்பிட்டது பொன்னம்மாள். அவள் வாசலில் வெள்ளையம்மா தின்றுகொண்டிருந்தாள், அதே ஈயத்தட்டில். மூன்று வருஷம் கழித்து நான்தான் முதலில் பேசினேன். "இது எத்தன நாளா நடக்குது?" என்றேன்.

"அவ படுக்கையில உழுந்ததுலருந்துங்ணா. நீங்க காட்டுக்குப் போனதும் நான் வந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். தட்டயும் அவதான் குடுத்தா. 'பூனையப் பத்திக் கவலையில்ல பொன்னு, நீ இருக்கற. அந்த மனுசனத்தான் யாருகிட்ட உட்டுட்டுப் போறதுன்னு தெரியல'ன்னு அழுவா. அன்னைக்கு மத்தியானமும் பூனை இங்கதான் தின்னுச்சுங்க. அது அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா என்ன எந்திரிச்சுப் போவச் சொன்னா?"

"நீங்க கையப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா அவ எப்படிங்ணா போவா?"

வெள்ளையம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிதம் முன்னால் வருமோ நான் முன்னால் வருவேனோ, புதன்கிழமை முதல் பஸ்ஸில் வாரேன். பூனைக்கு ஆள் கிடைத்துவிட்டது. என்னைப் பற்றி உன்னிடமும் அம்மா ஏதாவது சொல்லி வைத்திருந்தால், பஸ் ஸ்டாண்டில் வைத்தே சொல்லிவிடு சாமி.