ஆணி மாமா கட்டிய அடுப்படி

யுத்த காலத்தில் அரியலூரில் ஆணி கிடைக்காமல் போனதற்கு ஜெர்மன்காரன்தான் காரணம் என்று ஊர் நம்பியது. எங்கள் தெரு மட்டும் நம்பவில்லை. ஊரில் இருந்த ஆணி பூராவும் எதிர்வீட்டு மாமாவின் சட்டைப் பையில் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. உடைந்த பெட்டிகளில் கோணிக்கொண்டு கிடக்கும் ஆணிகளைப் பொறுக்கி வந்து, வாசற்படியில் வைத்து நிமிர்த்துவார். பேசும்போதும் உதட்டில் ரெண்டு ஆணி இருக்கும். அவர் நிஜப் பெயர் என்னவென்று தபால்காரருக்கே மறந்து, "ஆணிக்காரர் வூடு எது?" என்று விசாரித்திருக்கிறார்.

கையில் ஆணி இருந்தால் சும்மா இருக்க முடியுமா? தெருவில் எந்தச் சாமான் உடைந்தாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். அவர் பழுது பார்த்த நாற்காலியில் உட்காரலாம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். வேட்டியில் ஒரு பாகம் அங்கேயே தங்கிவிடும். என் அப்பாவுக்கு அப்படி மூன்று வேட்டி போயிற்று.

அந்த வருஷம் என் தங்கை செல்லத்துக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஐந்து வயசு. காய்ச்சல் ஒருவழியாக இறங்கிற்று, பசி மட்டும் திரும்பி வரவில்லை. கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். "இனிமே சோறுதாம்மா மருந்து. அது இறங்கலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளைப் பார்த்து அம்மா அழாத நாளில்லை.

மாமா வந்து பார்த்தார். உதட்டு ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அழுவாத தங்கச்சி. சும்மா கெடக்கிற புள்ளைக்கு எப்படிப் பசிக்கும்? வேலை செஞ்சாத்தான் பசிக்கும். அதுக்கு ஒரு விளையாட்டு அடுப்படி கட்டிக் குடுத்துடறேன். ஒரு சல்லிக்காசு செலவு கெடையாது."

மறுநாளே எங்கள் திண்ணையில் ஆரம்பமாயிற்று. முக்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் கால்களைப் பாதியாக அறுத்தார். அடுப்புக்கு மூன்று குமிழ் தயார். மேஜையின் இழுப்பறை அரிசிப் பெட்டியாயிற்று. தொட்டில் கம்பிகள் தட்டு அடுக்கும் சட்டமாயின. சாய்வு நாற்காலியின் இரண்டு கையும் பரணாயின. இத்தனை பழஞ்சாமான் எங்கிருந்து வந்தது என்பது அவர் மனைவி போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

"எங்கப்பா சீரா குடுத்த நாற்காலிங்க அது! நேத்து வரைக்கும் அதுலதானே உக்காந்திருந்தீங்க?"

"நேத்து வரைக்கும்தானே? இன்னிக்கு அது பழசு."

எல்லாம் முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. "அடுப்படின்னா கரி வேணாமா?" என்று ஒரு கரித்துண்டை எடுத்து முழுக்கத் தேய்த்தார். முகத்திலும் பாதி ஒட்டிக்கொண்டது. செல்லம் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொட்டாங்கச்சிகளில் அம்மா நிஜச் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தாள். செல்லம் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவையே சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் பூவரச இலை போட்டுப் பரிமாறினாள். அவள் மட்டும் ஒரு பருக்கை தொடவில்லை.

"நீ சாப்பிடலையாடி?" என்றேன்.

"வந்தவங்க சாப்பிடாம வூட்டுக்காரி எப்படிச் சாப்பிடுறது?"

வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தபோது கொட்டாங்கச்சி காலி. "தீந்துபோச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா தினமும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஒரு வாரம் இப்படியே நடந்தது. செல்லம் இன்னும் இளைத்தாள். மாமாவுக்கு ஒரு சுற்று வயிறு வைத்தது. அம்மாவுக்கு அவர் மேல் கோபமாகக்கூட வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மீசையோடு.

"இன்னிக்கு நான்தான் வூட்டுக்காரி. நீ ஊர்லேருந்து வந்த விருந்தாளி."

"எந்த ஊரு?"

"மீன்சுருட்டி. வண்டில வந்திருக்க, களைச்சுப் போயிருப்ப. உக்காரு."

இலை போட்டு ரசம் சோறு வைத்தார். செல்லம் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, மெதுவாச் சாப்பிடு. விருந்தாளி சாப்பிடாம நானும் சாப்பிடக்கூடாதில்ல? காத்திருக்கேன்."

சோறு கொஞ்சம் தாமதமானால் தட்டைத் தூக்கி எறிகிற மனுஷன் அவர். அன்று எதிரே அவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. வாசனை தெருவைத் தாண்டி வந்தது. மாமா எச்சிலை விழுங்கினார், எழுந்திருக்கவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தை வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது கூத்து? எந்திரிச்சு வாங்க."

"வூட்டுக்காரி மொதல்ல சாப்பிட்டா ஊர் சிரிக்காதா?"

"ஊர் இப்பவே சிரிக்குது!"

பொழுது சாயத் தொடங்கிற்று. மாமாவின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. செல்லம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொம்பப் பசிக்குதா மாமா?"

அவர் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு, "ஆமாண்டா கண்ணு, கண்ண இருட்டுது" என்றார்.

செல்லம் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப சாப்பிடுங்க."

"ஒரு வாய் தின்னா விருந்தாகாதே."

இன்னொரு வாய். அப்புறம் இன்னொன்று. இலை காலியானது. கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

மாமா திரும்பி, "ஏய், குழம்பு இருக்கா, நீ தின்னு தீத்துட்டியா?" என்று கத்தினார்.

"நீங்க சாப்பிடாம நான் எப்பங்க சாப்பிட்டேன்?" என்றாள் அத்தை.

 மாமா இன்னொரு இலையை எடுத்துப் போட்டு, "நீயும் உக்காரு" என்றார். அவர் பரிமாறி அத்தை சாப்பிட்டதைத் தெரு முதல்தடவையாகப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அவர் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் வீட்டு உலையில் அவருக்கும் ஒரு பிடி அரிசி விழுந்தது. அவர் வீட்டிலும்தான் சமைக்கிறார்களே, எதற்கு என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"எம் புள்ளைய சாப்பிட வச்சவரு பசியோட படுத்தா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றாள் அம்மா.