மைக்செட்டு திருத்திய வெப்சைட்

சப்ரகமுவ மாகாணம் முழுக்கத் தேடினாலும் மின்சாரம் இல்லாமல் முழங்கும் ஒலிபெருக்கி ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் தேயிலைத் தோட்டத்து மைக்செட்டு என்கிற மனிதர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். திருவிழாவில் யார் நன்கொடை கொடுத்தாலும் குடியிருக்கும் லயம், டிவிசன், தகப்பன் பெயர் எல்லாம் சேர்த்து மைக் இல்லாமலே அறிவிப்பார். அதைக் கேட்பதற்காகவே கொடுத்தவர்கள் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. கஹவத்தையில் என்னைத் தெரியாதவன் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூட்டை தூக்கி, பிறகு மூட்டை விற்று, இன்று ஹார்ட்வெயார் முதலாளி. தோட்டத்து நோயாளிகளுக்கு வேன் வாங்கச் சங்கம் அமைத்துத் தலைவரானதும் நான்தான். மைக்செட்டின் மகள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தலைப்பிள்ளையைப் பெற்றாள். இரண்டு உயிரும் தப்பியது கடவுள் புண்ணியம். இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். "இவளுக்கு வலி வர்றதுக்குள்ள வேன் வந்து நிக்கும்" என்று மேடையில் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளிடம் உதவி கேட்க வெப்சைட் வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். பெல்மதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பஸ்னா செய்து தந்தாள். அழகான வெப்சைட். மலை ஓடியது, மேகம் ஓடியது, இங்கிலீஷ் ஓடியது. காசு மட்டும் வரவில்லை.

மைக்செட்டு பஸ்னாவின் போனை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, காசு எங்க போடுறது?"

"மேல மெனுவுக்குள்ள போங்க அங்கிள். ரெஜிஸ்டர் பண்ணி, பாஸ்வர்ட் குடுத்து..."

"சாமி உண்டியல் பாஸ்வர்டா கேக்குது? அதுல எத்தன ஓட்ட இருக்கு? ஒண்ணு! கைய நீட்டுனா விழுது."

"அப்ப இந்த மலை, மேகம்?"

"அவனுங்க அந்த மலையிலதாம்மா பொறந்தானுங்க. கொழுந்து லொறியப் போடு. பாத்தா கை தானா பைக்குள்ள போகணும்."

பஸ்னா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தாள். லொறிப் படம், அதன் கீழ் ஒரே ஒரு பட்டன், தமிழிலும் சிங்களத்திலும்: 'வேனுக்குக் கொடுங்கள்.' காசு சொட்டத் தொடங்கியது.

மைக்செட்டுக்குத் திருப்தியில்லை. "பேரு சொல்லாம வாங்குனா களவெடுத்த மாதிரி இருக்கு, தலைவரே." அன்று முதல் ஒவ்வொருவருக்கும் தன் குரலில் அறிவிப்புப் பேசி அனுப்பினார். பஸ்னா அதை வெப்சைட்டில் போட்டாள்.

முதல் அறிவிப்பே வில்லங்கம். "கீழ் டிவிசன், ஆறாம் லயம், மாரிமுத்துவின் மகன், தற்போது கட்டாரில்! அன்னாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்!"

பையன் எனக்குப் போன் போட்டுக் குதித்தான். "மாமா, ரூம்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க!"

மைக்செட்டைக் கூப்பிட்டுத் திட்டினேன். "பொய்யா சொன்னேன்? ஆகல தானே?" என்றார்.

சில நாளில் அந்தப் பையனுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்தார்கள். அவ்வளவுதான், கல்யாணமாகாத இளந்தாரிகள் எல்லாம் பட்டனை அமுக்கினார்கள். ஒருவன் இரண்டாம் தரமும் காசு அனுப்பி, "சொந்த வீடும் இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க" என்றான்.

வேன் வந்தது. கொட்டும் மழையில் மைக்செட்டின் மகளுக்கு வலி எடுத்தது. அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "பார தென்ன மாத்தயா! வழி விடுங்க!" என்று சிங்களத்திலும் தமிழிலும் இரத்தினபுரி வரை கத்திக்கொண்டே போனார். ஹோர்ன் அடிக்க டிரைவருக்கு வேலையே இல்லை. பேத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ந்த துணியில் பிறந்தாள்.

பிறகு மருமகனுக்குக் கொழும்புப் பக்கம் வத்தளையில் வேலை கிடைத்து, மைக்செட்டும் அவர்களோடு போய்விட்டார். அறிவிப்பு மட்டும் அங்கிருந்தே வருகிறது. வேனின் டீசலுக்கென்று நான் மாதாமாதம் அனுப்புகிறேன், வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும். பெயர்கள் தீர்ந்து, போன மாதம் டைகர் பெயரில் அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "தலைவரே, யாரு இந்த டைகரு?"

"நம்ம வீட்டு நாய்."

மைக்செட்டு குரலைத் தாழ்த்தினார்.

"என் கொரல் கேக்கணும்னா சும்மா போன் போடுங்க, தலைவரே. நாய ஏன் இழுக்குறீங்க?"

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டேன்.